அரிவாளில் இருப்பது கிடா ரத்தமா, ஆள் ரத்தமா? – வாசகர் கேள்விகளுக்குத் தடய அறிவியல் பதில்கள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி வட்டாரங்களிலிருந்து தடய அறிவியல் ஆய்வகம் குறித்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு, இத்துறையை நன்கு அறிந்தவர்கள் இங்கே பதில் தருகிறார்கள். பெயர்களையும் வழக்கு எண்களையும் எடுத்துவிட்டோம்.

கேள்வி: எங்க மைனி ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனாங்க. விஷம் கொடுத்திருப்பாங்கன்னு எங்களுக்குச் சந்தேகம். போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சு நாலு மாசம் கழிச்சு ‘நஞ்சு எதுவும் கண்டறியப்படவில்லை’ன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. அப்போ விஷமே இல்லைன்னு அர்த்தமா? யாரும் ரிப்போர்ட்டை மாத்திருப்பாங்களா? – அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: இரண்டுமே இல்லாமல் இருக்கலாம். ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்த பாட்டில்களில், அங்கே செய்த சோதனைகளுக்கு எட்டும் அளவில் நஞ்சு அகப்படவில்லை. ‘கண்டறியப்படவில்லை’ என்ற சொல்லுக்கு அதற்கு மேல் பொருள் கிடையாது.

உங்கள் மைனி விஷயத்தில் அந்த ஆறு நாள்தான் பெரிய காரணமாக இருக்கக்கூடும். விஷச் சந்தேகத்தோடு ஒருவர் வந்தால் முதல் மணி நேரத்திலேயே வயிற்றைக் கழுவுவார்கள். அதன்பிறகு குளுகோஸ் ஏறும், சிறுநீர் போகும், கல்லீரல் நஞ்சைச் சிதைக்கும். ஆறாம் நாள் எடுத்த இரைப்பையில் பூச்சிமருந்து இல்லாததில் வியப்பில்லை. அது இருந்த இடம் முதல் நாள் கழுவி எடுத்த நீர், முதல் நாள் ரத்தம், முதல் நாள் சிறுநீர். போலீஸ் வழக்காகப் பதிவான நோயாளி என்றால் அந்தக் கழுவுநீரைப் பாட்டிலில் அடைத்து, முத்திரை வைத்துக் காவல்துறையிடம் கொடுக்க வேண்டும். நடைமுறையில் எத்தனையோ தடவை அது சாக்கடைக்குப் போய்விடுகிறது. மனம் வலிக்கும் இழப்பு அது. பிறகு எந்தக் கருவியாலும் அதை மீட்க முடியாது.

அடுத்தது பாட்டில்கள். பிரேதப் பரிசோதனையில் இரைப்பையையும் அதில் உள்ளதையும், சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து சுமார் 30 செ.மீ. நீளத்தையும் ஒரு பாட்டிலில் போடுவார்கள். கல்லீரலில் ஏறத்தாழ 500 கிராம், இரண்டு சிறுநீரகங்களிலும் பாதிப் பாதி இன்னொரு பாட்டிலில். ரத்தம் தனி. இவை கெடாமல் இருக்க நிறைவுற்ற உப்புக் கரைசல் ஊற்றுவது வழக்கம். நிறைவுற்றது என்றால் எவ்வளவு கலக்கினாலும் அடியில் கொஞ்சம் உப்பு கரையாமல் தங்க வேண்டும். அவசரத்தில் நீர்த்த உப்புத்தண்ணீரை ஊற்றினால், நம் ஊர்ச் சித்திரை வெயிலில் உறுப்பு அழுகி, நஞ்சும் சேர்ந்து சிதையும். பாட்டிலை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. உள்ளே வாயு கிளம்பி மூடியைத் தள்ளி, முத்திரை விட்டுப்போகும். ஊற்றிய உப்புக் கரைசலிலும் கொஞ்சம் தனியாக அனுப்ப வேண்டும், கரைசலிலேயே நஞ்சு இல்லை என்று காட்டுவதற்காக. ஃபார்மலின் ஊற்றினால் தசை இறுகி, நஞ்சைப் பிரித்தெடுப்பது பெரும்பாடாகிவிடும். ஃபார்மலினில் போடுவது திசு நோய்க்கூறுப் பரிசோதனைக்கான துண்டுகளை மட்டும். அந்தப் பாட்டில் போவது மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் துறைக்கு, தடய ஆய்வகத்துக்கு அல்ல.

மூன்றாவது, கேட்ட கேள்வி. வேண்டுகோள் கடிதத்தில் ‘நஞ்சு உள்ளதா’ என்று ஒரு வரி மட்டும் இருந்தால், ஆவியாகும் நஞ்சு, பூச்சிக்கொல்லி, மருந்துவகை, உலோக நஞ்சு என்று வழக்கமான வரிசையில் பார்ப்பார்கள். அரளி விதை மாதிரித் தாவர நஞ்சுகளுக்குத் தனியாகத் தேட வேண்டும். நோயாளிக்கு இதயத் துடிப்பு குறைந்திருந்தது, வாந்தியில் விதைத் துணுக்கு இருந்தது என்பதை எழுதி அனுப்பினால் ஆய்வாளர் அந்த வழியில் போவார். துணுக்கையே அனுப்பியிருந்தால் நுண்ணோக்கியிலேயே பாதி வேலை முடிந்திருக்கும். பாம்புக்கடியில் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது. பாம்பின் நஞ்சு புரதம். உள்ளுறுப்புகளில் செய்யும் வழக்கமான வேதிப் பரிசோதனை அதைக் காட்டாது. கடிபட்ட இடத்துத் தோலைத் தனியே எடுத்து நோய் எதிர்ப்புப் புரதச் சோதனை செய்தால்தான் தெரியும்.

இனி செய்யக்கூடியது: முதல் நாள் கேஸ் ஷீட், கோலினெஸ்டரேஸ் (சிலவகைப் பூச்சிமருந்தால் குறையும் ரத்த நொதி) அளவு, ஈ.சி.ஜி., கல்லீரல் சோதனைகள் ஆகியவற்றின் நகலை விசாரணை அதிகாரி வாங்கி, பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவரிடம் காட்டி இறுதிக் கருத்து கேட்கலாம். அதைச் செய்யச் சொல்லி எழுத்துமூலம் மனுக் கொடுங்கள். உடலில் நஞ்சு அகப்படவில்லை என்பதாலேயே வழக்கு முடிந்துவிடாது. 1960-இல் அனந்த் சிந்தாமன் லாகு வழக்கில், வேதிப் பரிசோதனையில் நஞ்சு தெரியாதபோதும் சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டு உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது.

கேள்வி: ஆத்துல அணைக்கட்டுப் பக்கம் ஒதுங்குற உடலைப் பாத்து, தண்ணியில முங்கிச் செத்தவரா, கொன்னு போட்டவரான்னு ஆய்வகத்துல சொல்லிருவாங்களா? – ஸ்ரீவைகுண்டம் வாசகர்

பதில்: பல வேளைகளில் சொல்ல முடியும். எப்போதும் முடியாது.

இதற்கான சோதனையை டயட்டம் சோதனை என்பார்கள். ஆறு, குளம், கிணறு என்று எந்த நீரிலும் கண்ணுக்குத் தெரியாத ஒருவகைப் பாசி உண்டு. அதன் ஓடு சிலிக்காவால் ஆனது. உயிரோடு இருப்பவர் நீரை மூச்சில் இழுத்தால், நுரையீரலின் மெல்லிய சுவரைத் தாண்டி இந்த டயட்டங்கள் ரத்தத்தில் ஏறும். இதயம் துடிக்கும் அந்தச் சில நிமிடங்களில் எலும்பு மஜ்ஜை வரை போய்விடும். இறந்தபின் நீரில் போட்ட உடலிலும் நுரையீரலுக்குள் தண்ணீர் புகலாம். ஆனால் மஜ்ஜைக்கு எடுத்துப்போக ரத்த ஓட்டம் இல்லை. அதனால்தான் நுரையீரலில் டயட்டம் இருப்பதை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது. நெஞ்செலும்போ தொடை எலும்போ முழுசாக வர வேண்டும்.

ஆய்வகத்தில் எலும்பின் வெளிப்புறத்தைக் காய்ச்சி வடித்த நீரால் பலமுறை கழுவி, உடைத்து, மஜ்ஜையை எடுத்து, அடர் நைட்ரிக் அமிலத்தில் போட்டு வைப்பார்கள். சதையும் கொழுப்பும் கரைந்துபோகும், சிலிக்கா ஓடு கரையாது. அந்தக் கரைசலைச் சுழற்றி, அடியில் தங்கியதை மீண்டும் மீண்டும் கழுவி, கண்ணாடித் தகட்டில் பரப்பி நுண்ணோக்கியில் பார்த்தால் படகு வடிவிலும் வட்ட வடிவிலும் கோடு கோடாய்ச் செதுக்கிய ஓடுகள் தெரியும்.

தவறு எங்கே நடக்கிறது? குழாய்த் தண்ணீரில். திருநெல்வேலியிலும் பாளையங்கோட்டையிலும் குழாயில் வருவதே தாமிரபரணித் தண்ணீர்தான். பிணவறையில் கத்தியையும் எலும்பையும் குழாயில் கழுவினால், ஆற்று டயட்டத்தை நாமே எலும்பில் ஏற்றிவிடுகிறோம். ஆகவே கத்தி, கிண்ணம், பாட்டில் எல்லாம் காய்ச்சி வடித்த நீரால்தான் கழுவப்பட வேண்டும். ஆய்வகமும் எலும்பே இல்லாமல் வெறும் அமிலத்தையும் நீரையும் வைத்து ஒரு வெற்றுச் சோதனையைக் கூடவே ஓட்டிப் பார்க்கும்.

இரண்டாவது தவறு, நீர் மாதிரி எடுக்காமல் விடுவது. உடல் கிடைத்த இடத்தில் 1 லிட்டர் எடுத்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். தாமிரபரணியில் கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள். சுத்தமல்லிப் பக்கம் விழுந்த உடல், நீர் பெருகினால் மருதூர் அணைக்கட்டில் போய் நிற்கலாம். விழுந்ததாகச் சந்தேகப்படும் இடத்திலும் கிடைத்த இடத்திலும், இரண்டிலும் நீர் எடுக்க வேண்டும். அன்றைக்கே எடுக்க வேண்டும். பாபநாசம் அணையில் திறக்கும் நீரின் அளவு மாறினாலே டயட்டங்களின் கலவை மாறிவிடும். ஓடும் ஆற்றில் இருக்கும் இனங்கள் வேறு, தேங்கிய குளத்தில் இருப்பவை வேறு. குளத்தில் அமுக்கிக் கொன்று ஆற்றில் போட்டதை இப்படிப் பிடிக்க வாய்ப்புண்டு. ஆனால் 2023 டிசம்பர் வெள்ளம் போலக் குளங்கள் உடைந்து ஆற்றோடு கலந்த நேரத்தில் இந்த இடவேறுபாடு பயன்படாது.

மஜ்ஜையில் டயட்டம் இல்லை என்றால் முங்கிச் சாகவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. தண்ணீர் பட்டவுடன் தொண்டை இறுகியோ இதயம் நின்றோ இறப்பவர்கள் உண்டு. இருக்கிறது என்றாலும், உயிரோடு நீருக்குள் போனார் என்பது மட்டும்தான் தெரியும். தவறி விழுந்தாரா, தள்ளிவிடப்பட்டாரா என்பதை விசாரணைதான் காண வேண்டும்.

கேள்வி: ஒரு வழக்குல கைப்பத்துன அரிவாள், சுடலைமாடன் கோயில் கொடைக்குக் கிடா வெட்டுனதுன்னு எதிர்த்தரப்பு சொல்லுது. வேற சிலர் அது துருதான்னு சொல்லுதாங்க. ஆய்வகம் எப்படி முடிவு பண்ணும்? – ராதாபுரம் வட்டார வாசகர்

பதில்: படிப்படியாக.

முதலில் கறை ரத்தமா என்று பார்ப்பார்கள். ஈரமாக்கிய பஞ்சுக்குச்சியால் கறையைத் தொட்டு, அதில் ஒரு சொட்டு நிறமற்ற ஃபினால்ஃப்தலீன் கரைசல் விட்டு, சில நொடி காத்திருந்து, அதன்பிறகு ஒரு சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு விடுவார்கள். உடனே இளஞ்சிவப்பானால் ரத்தமாக இருக்கலாம். அந்தச் சில நொடிக் காத்திருப்பு முக்கியம். பெராக்சைடு விழுவதற்கு முன்பே சிவந்தால் நிறத்தைக் கொடுத்தது ரத்தம் அல்ல, பிளீச்சிங் பவுடர் மாதிரி வேறு ஏதோ வேதிப்பொருள். சில காய்கிழங்குச் சாறுகளும் இதே நிறத்தைக் காட்டும். ஆகவே இது முதற்கட்டச் சோதனை மட்டுமே. உறுதிப்படுத்த டக்காயாமா சோதனை செய்கிறார்கள்: கறைத்துகள் மேல் கரைசலை விட்டு லேசாகச் சூடாக்கினால், ரத்தமாக இருந்தால் நுண்ணோக்கியில் இளஞ்சிவப்புப் படிகங்கள் இறகு இறகாக விரியும். துருவும் வெற்றிலை எச்சிலும் குங்குமமும் இந்தக் கட்டத்தைத் தாண்ட முடியாது.

அடுத்தது கிடாவா, ஆளா என்பது. மனித ரத்தப் புரதத்துக்கு எதிரான சீரத்தையும் ஆட்டு ரத்தப் புரதத்துக்கு எதிரான சீரத்தையும் தனித்தனியே கறைச்சாற்றோடு சேர்த்துப் பார்ப்பார்கள். எது எதனோடு சேர்ந்து வெண்மையாகத் திரிகிறதோ அதுவே விடை. கொடையில் கிடா வெட்டியதும் உண்மை, பிறகு ஆளை வெட்டியதும் உண்மை என்றால் இரண்டுமே காட்டும். அதன்பின் டி.என்.ஏ. அந்தச் சோதனையில் டி.என்.ஏ.வைப் பெருக்கத் தொடங்கிவைக்கும் துணுக்குகளான தொடக்கிகள் (பிரைமர்) மனித டி.என்.ஏ.வில் மட்டும் ஒட்டும்படி அமைந்தவை. ஆட்டு ரத்தம் கலந்திருந்தாலும் குழப்பாது. 1 நானோகிராமுக்கும் குறைவான டி.என்.ஏ. போதும், ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு.

கழுவிய அரிவாள் என்றால் ஆய்வாளர் முதலில் பார்ப்பது அலகை அல்ல, பிடியை. மரப்பிடிக்குள் இறங்கும் இரும்புக் காம்புக்கும் மரத்துக்கும் இடையில், பூண் அடியில், ரத்தம் போய் உறைந்திருக்கும். பிடியைக் கழற்றித்தான் மாதிரி எடுப்பார்கள்.

கெட்டுப்போவதெல்லாம் பெரும்பாலும் வழியில்தான். ஈரமான சட்டையைப் பாலிதீன் பையில் கட்டினால் ஒன்றிரண்டு நாளில் பூஞ்சை பிடித்து, பாக்டீரியா டி.என்.ஏ.வைத் தின்றுவிடும். நிழலில் காற்றாட உலர்த்தி, காகிதத்தில் சுற்றிக் காகிதப் பையில் வைக்க வேண்டும். வெயிலில் போடக் கூடாது. புறஊதாக் கதிர் டி.என்.ஏ.வை உடைக்கும். வெட்டுப்பட்டவர் உடையையும் பிடிபட்டவர் உடையையும் ஒரே பையில் வைத்தால் அந்த வழக்கு அங்கேயே நொண்டும், ரத்தம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒட்டியது என்று சொல்ல இடம் கிடைத்துவிடும். ஒரே மேசையில் அடுத்தடுத்து விரித்துப் பார்ப்பதும் தவறு. அரிவாளை அட்டைப்பெட்டியில் அலகு எங்கும் உரசாதபடி நூலால் கட்டி அனுப்ப வேண்டும். சிமெண்ட் தரையில் கறை என்றால் ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, கறை இல்லாத பக்கத்துத் தரையையும் அதேபோல ஒற்றித் தனிப் பொட்டலமாக வைக்க வேண்டும். இந்த ஒப்பீட்டு மாதிரி வராத வழக்குகள் ஏராளம். ஜீன்ஸ் துணியின் நீலச் சாயமும் வயல் மண்ணின் மட்குப் பொருளும் டி.என்.ஏ. பெருக்கத்தைத் தடுக்கக்கூடியவை, ‘முடிவு கிடைக்கவில்லை’ என்று வரும் அறிக்கைகளில் சிலவற்றுக்குக் காரணம் இதுதான்.

பொட்டலத்தில் அரக்கு முத்திரை, மாதிரி முத்திரை, மகஜரில் (பொருளைக் கைப்பற்றியதற்கான பதிவில்) கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்து, பிறகு குற்றவியல் நடுவர் நீதிமன்றம் வழியாக ஆய்வகம் என்பது தமிழ்நாட்டு வழக்கம். ஆய்வகத்தில் பொட்டலத்தைப் பிரிக்கும் முன் முத்திரை மாதிரியோடு பொருந்துகிறதா என்று பார்த்து எழுதிவைப்பார்கள். கைப்பற்றிய நாளுக்கும் நீதிமன்றத்தில் ஒப்படைத்த நாளுக்கும் இடையில் பொருள் யார் வசம், எங்கே இருந்தது என்பதற்குப் பதில் இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல டி.என்.ஏ. முடிவும் குறுக்கு விசாரணையில் தளரும்.

கேள்வி: வைக்கப்படப்புக்கு ராத்திரி தீ வச்சிட்டாங்க. பெட்ரோல் வாடை அடிச்சது. காலையில பாக்கும்போது சாம்பல்தான் இருந்தது. சாம்பலை அனுப்பலாமா? – களக்காட்டிலிருந்து ஒரு விவசாயி

பதில்: சாம்பலில் ஒன்றும் இருக்காது; அடியில் உள்ள மண்ணில் இருக்கும். பெட்ரோல் மண்ணில் இறங்கும், அங்கே காற்று குறைவு என்பதால் முழுக்க எரியாது. தீயணைப்பு வண்டி தண்ணீர் அடித்திருந்தாலும் பரவாயில்லை, பெட்ரோல் நீரில் கரையாது. அதிகம் எரிந்த நடுப்பகுதியை விட்டு, கருகலும் கருகாததும் சந்திக்கும் ஓரத்தில், வாடை அடிக்கும் இடத்து மண்ணை எடுக்க வேண்டும். நீங்களே அள்ளாதீர்கள், இடத்தை மறித்து வைத்துக் காவல்துறைக்கும் தடயவியல் குழுவுக்கும் காட்டுங்கள்.

இங்கே பொட்டலம் கட்டும் முறை ரத்தக்கறைக்கு நேர் எதிர். காகிதப் பையில் வைத்தால் ஆவி போய்விடும். சாதாரணப் பாலிதீனும் பெட்ரோல் ஆவியைக் கசிய விடும். காற்றுப்புகாத, பயன்படுத்தாத புதிய தகர டப்பா அல்லது இறுக்கமான மூடியுள்ள கண்ணாடி ஜாடி, மேலே கொஞ்சம் வெற்றிடம் விட்டு. அந்த வெற்றிடத்தில் சேரும் ஆவியைத்தான் ஆய்வகம் ஊசியால் உறிஞ்சி, வாயு நிறப்பகுப்புக் கருவியில் செலுத்துகிறது. பெட்ரோலா, டீசலா, மண்ணெண்ணெயா என்பதைக் கருவி வரையும் படத்தில் வரும் முகடுகளின் வரிசை காட்டிவிடும். சற்றுத் தள்ளிப் படப்பு இல்லாத இடத்து மண்ணும் ஒரு டப்பா வேண்டும். மண்ணில் வாழும் பாக்டீரியா பெட்ரோலைத் தின்னும் என்பதால் நாள் கடத்தாமல், குளிரில் வைத்து அனுப்புவது நல்லது.

ஒன்றையும் மறுக்காமல் பாருங்கள்: ஈரத்தோடு அடுக்கிய படப்பு உள்ளுக்குள் சூடேறித் தானாகப் பற்றுவதும் உண்டு. அப்படியானால் நடுவில் கருகிய பொந்து இருக்கும், எரிதல் உள்ளிருந்து வெளியே வந்திருக்கும். தீ வைத்த படப்பு வெளியிலிருந்து உள்ளே போகும்.

கேள்வி: ரத வீதியில கடை வச்சிருக்கேன். எதிர்ல நடந்த அடிதடி எங்க கேமராவில் விழுந்திருக்கு. போலீஸ்காரங்க டிவிஆர் பெட்டியையே கேக்காங்க. வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினா போதாதா? – திருநெல்வேலி டவுன் வாசகர்

பதில்: போதாது. வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கிவிடும்; வண்டி எண், முகம் எல்லாம் மங்கும், கோப்பின் மூல விவரங்களும் போய்விடும். திரையைக் கைபேசியில் படம் பிடித்துக் கொடுப்பது அதைவிட மோசம்.

உடனே செய்ய வேண்டியது பதிவை நிறுத்துவது. நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதியும் ஒரு கேமரா ஒரு நாளைக்கு ஏறத்தாழ 21 ஜி.பி. எடுக்கும். நாலு கேமரா என்றால் 1 டி.பி. வட்டு சுமார் 11 நாளில் நிரம்பி, பழையதன் மேலேயே எழுதத் தொடங்கும். வழக்கு சூடு பிடிப்பதற்குள் காட்சி அழிந்துபோவது இப்படித்தான். ஆனால் மின்சார வயரைப் பிடுங்காதீர்கள். மெனுவில் பதிவை நிறுத்தி, முறையாக அணைத்துவிடுங்கள். அணைக்கும் முன் டிவிஆர் காட்டும் நேரத்தையும் உங்கள் கைபேசி காட்டும் நேரத்தையும் ஒரே படத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். கடை டிவிஆர்களில் கடிகாரம் சில நிமிடம், சிலவற்றில் மணிக்கணக்கில் தள்ளி ஓடும். அந்த வித்தியாசம் குறிக்கப்படாததால் நிரபராதி மாட்டிக்கொள்ளவும் குற்றவாளி தப்பவும் வழியுண்டு.

ஆய்வகத்தில் மூல வட்டில் நேரடியாக வேலை செய்ய மாட்டார்கள். எழுதத் தடை போடும் கருவி வழியாக இணைத்து, அச்சு அசலாக ஒரு நகல் எடுத்து, இரண்டுக்கும் ஹேஷ் மதிப்பு போடுவார்கள், பதிவுக்குக் கைரேகை மாதிரி. எஸ்.எச்.ஏ.-256 என்ற கணக்கீட்டு முறை என்றால் 64 எழுத்து, எண் கொண்ட தொடர். காட்சியில் ஒரு புள்ளி மாறினாலும் அது முழுக்க மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆவது பிரிவின்படி, மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் வேண்டும். அதில் உங்களுக்கு ஒரு பகுதி, நிபுணருக்கு ஒரு பகுதி. பெட்டியைக் கொடுக்கும்போது மாடல், வரிசை எண் குறித்த ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாலு வழிச்சாலையில் எங்க அத்தான் பைக்கை ஒரு கார் தட்டிட்டுப் போயிட்டது. ரெண்டு நாள் கழிச்சு ஒரு காரைப் பிடிச்சிருக்காங்க. டிரைவர் குடிச்சிருந்தார்னு சாட்சி இருக்கு. ரத்தம் எடுத்தது அஞ்சு மணி நேரம் கழிச்சு. நிக்குமா? – நான்குநேரி வாசகர்

பதில்: முதலில் பைக். அதைக் கழுவாதீர்கள், மெக்கானிக்கிடம் கொடுக்காதீர்கள். அத்தானின் ஹெல்மெட்டும், ஆஸ்பத்திரியில் கத்தரித்து எறியப்படும் சட்டை பேண்டும் சான்றுகள். கேட்டு வாங்கிக் காவல்துறையிடம் ஒப்படையுங்கள். பைக்கில் ஒட்டிய பெயிண்டுத் துணுக்கைக் குறுக்கே சீவி நுண்ணோக்கியில் பார்த்தால் தகட்டை ஒட்டிய பூச்சு, அடிப்பூச்சு, வண்ணம், மேல் பளபளப்பு என்று அடுக்கு தெரியும். ஒருமுறை மறுபூச்சு அடித்த காரில் அடுக்கு கூடும், அந்தக் கூடுதல் அடுக்குதான் ஆயிரம் வெள்ளைக் கார்களிலிருந்து ஒன்றைத் தனியே காட்டும். அதைவிட உறுதி, சாலையில் கிடந்த விளக்குக் கண்ணாடித் துண்டு காரின் உடைந்த விளிம்போடு பொருந்துவது. இழைபல்பு வைத்த பழைய வண்டி என்றால், எரிந்துகொண்டிருக்கும்போது உடைந்த பல்பின் இழை இழுபட்டு, மேலே வெண்மஞ்சள் பொடி படிந்திருக்கும். அணைந்திருந்தபோது உடைந்தால் இழை பளிச்சென்று அப்படியே இருக்கும். விளக்கு போடாமல் வந்தாரா என்பதற்கு அது சான்று.

மதுவுக்குச் சட்ட எல்லை 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 15 முதல் 20 மி.கி. வீதம் உடல் அதைக் குறைத்துவிடும். ஐந்து மணி நேரத்தில் 75 முதல் 100 மி.கி. போயிருக்கும். பின்னோக்கிக் கணக்கிட்டுச் சொல்ல முடியும், ஆனால் அது ஒரு வரம்பாகத்தான் வரும், ஒற்றை எண்ணாக வராது. ஊசி குத்தும் இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார்களா என்று எதிர்த்தரப்பு நிச்சயம் கேட்கும். சோப்பு நீரால் துடைக்க வேண்டும். 5 மி.லி. ரத்தத்துக்கு 50 மி.கி. சோடியம் ஃபுளோரைடு போட்டிருக்க வேண்டும். போடாவிட்டால் குழாய்க்குள் கிருமிகளே மதுவை உண்டாக்கவும் செய்யும், தின்னவும் செய்யும்.

கேள்வி: ஆச்சி கைநாட்டு வச்சதா ஒரு உயிலைப் பெரியப்பா மகன் காட்டுதான். ஆய்வகத்துக்கு நாங்களே அனுப்பலாமா? மையின் வயசைச் சொல்லுவாங்களா? – வள்ளியூர் வாசகர்

பதில்: நேராக அனுப்ப முடியாது. உரிமையியல் வழக்கில், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26-ஆவது கட்டளை 10-ஏ விதியின்படி நிபுணர் ஆய்வு கேட்டு மனுப் போடுங்கள்.

கையெழுத்தைவிடக் கைநாட்டு உங்களுக்கு நல்லது. கையெழுத்து வயதோடும் நோயோடும் மாறும், ரேகை மாறாது. ஆச்சி முன்பு ஏதாவது பத்திரம் பதிந்திருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தின் பெருவிரல் ரேகைப் பதிவேட்டில் அவர்களுடைய ரேகை இருக்கும். அதை வரவழைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். மை அப்பிய ரேகையில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். அப்படியிருந்தால் ‘ஒப்பிடத் தகுதியற்றது’ என்று வரும், அதை உங்களுக்கு எதிரான முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜெராக்ஸ் நகல் வேண்டாம், அசல்தான் வேண்டும். மை எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று துல்லியமாகச் சொல்லும் நம்பகமான முறை இல்லை. ஒரே தாளில் இரண்டு மை இருந்தால் அகச்சிவப்பு ஒளியில் ஒன்று மறைந்து ஒன்று தெரியும். இடையில் வரி சேர்த்தது அப்போது வெளிப்படும்.

கேள்வி: உண்மையைச் சொல்லவைக்க நார்கோ சோதனை செய்யக் கூடாதா? – தென்காசி வாசகர்

பதில்: மயக்க மருந்து செலுத்திக் கேள்வி கேட்கும் அந்தச் சோதனையைச் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது. செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பொய் கண்டறியும் சோதனைக்கும் மூளை வரைவுச் சோதனைக்கும் அதே விதிதான்.

கேள்வி: இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும்? மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் படித்தால் போதுமா? – பேட்டை மாணவி

பதில்: குற்றவியல் என்பது குற்றம், தண்டனை, சமூகம் பற்றிய படிப்பு, அதுவும் நல்ல படிப்புதான். ஆய்வக மேசைக்கு வேதியியல், இயற்பியல், உயிரியல், தடய அறிவியல் போன்ற அறிவியல் பட்டம் வேண்டும். தமிழ்நாடு தடய அறிவியல் துறைக்கு இளநிலை அறிவியல் அலுவலர்களை அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு செய்கிறது. அறிவிப்பில் உள்ள தகுதியை வரிவரியாகப் படியுங்கள். 1849-இல் சென்னையில் தொடங்கிய வேதிப் பரிசோதகர் ஆய்வகத்தின் வழிவந்த துறை இது; நாட்டில் அந்த வகையில் முதலாவது. இப்போதே பழக வேண்டியது, கண்ணால் பார்த்ததைப் பார்த்த நேரத்திலேயே எழுதிவைப்பது.

கேள்வி: ரிப்போர்ட் எங்கே வாங்கலாம்? திருநெல்வேலி ஆய்வகத்துக்கே போய்க் கேட்டால் தருவார்களா? அதை எதிர்க்க முடியுமா? – சங்கரன்கோவில் வாசகர்

பதில்: தர மாட்டார்கள், அறிக்கை நீதிமன்றத்துக்கும் விசாரணை அதிகாரிக்கும்தான் போகும். எல்லாச் சோதனையும் திருநெல்வேலி வட்டார ஆய்வகத்தில் நடப்பதில்லை, சில பொருள்கள் சென்னை தலைமை ஆய்வகத்துக்குப் போகும். ஆகவே முதலில் எந்த ஆய்வகத்துக்கு, எந்தத் தேதியில், எத்தனை பொருள்கள் அனுப்பினார்கள் என்று கேளுங்கள். புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 193-ஆவது பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுங்கள். அதே சட்டத்தின் 329-ஆவது பிரிவின்படி அரசு ஆய்வகத்தின் அறிக்கையை, நிபுணர் நேரில் வராமலே சான்றாக ஏற்கலாம். ஆனால் நீதிமன்றம் நினைத்தால் அவரைக் கூண்டுக்கு வரவழைத்து விசாரிக்கலாம். அந்த மனுவில் ‘அறிக்கை தவறு’ என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்தப் பொருள், எந்தச் சோதனை, ஒப்பீட்டு மாதிரி இருந்ததா, முத்திரை சரியாக இருந்ததாக எழுதியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.